ரெஸ்யூமே எழுதித் தருபவருக்குப் பணம் கொடுக்கலாமா? பினாங்கிலிருந்து ஒரு பதில்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்வியை மற்றவர்களும் புரிந்துகொள்வதற்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலை. நான்கு மாதங்களுக்கு முன் டிபெண்டன்ட் பாஸில், அதாவது கணவரைச் சார்ந்து தங்கும் அனுமதியில், கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தீர்கள். மென்பொருள் சோதனையில் ஏழு ஆண்டு அனுபவம், பிறகு குழந்தைக்காக இரண்டு ஆண்டு இடைவெளி. அறுபது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு பதில்கூட வரவில்லை. கோலாலம்பூரில் ஒருவர், 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் ரெஸ்யூமேயைப் புதிதாக எழுதி, லிங்க்ட்இன் பக்கத்தையும் திருத்தி, மூன்று மாதத்தில் வேலைக்கு உறுதி தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஊரில் உள்ள தம்பியை ஒரு ஏஜெண்ட் இங்கே அழைப்பதையும் எழுதியிருந்தீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேலைக்கு உறுதி என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லே போதும், விலகி வந்துவிடலாம். வேலை கொடுப்பது நிறுவனம். இடையில் இருக்கும் யாரும் அதை உறுதி சொல்லி விற்க முடியாது.

ஆனால் ரெஸ்யூமே எழுத உதவி பெறுவது தவறு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறேன். முதல் முறை வீணாய்ப் போனது. இரண்டாவது முறை என் வாழ்க்கையே திசை திரும்பியது. இரண்டையும் சொன்னால் உங்களுக்கு வேறுபாடு புரியும்.

நான் மதுரையிலிருந்து 2007இல் வந்தவள். ஒரு சிப் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். 2009இல் பொறியாளர் வேலைக்கு முயன்றபோது ஒரு நிறுவனத்திடம் 600 வெள்ளி கொடுத்தேன். ஒரு படிவம் அனுப்பினார்கள், நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே வழுவழுப்பான ரெஸ்யூமே வந்துவிட்டது. அதில் 'உற்பத்தி இழப்பை 30 சதவீதம் குறைத்தவர்' என்று ஒரு வரி இருந்தது. படிக்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். நேர்காணலில் மேலாளர் அந்த வரியின் மேல் விரலை வைத்து, "எதில் முப்பது? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. தாளை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு, என் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்து அனுப்பிவைத்தார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த உதவி, மனிதவளத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையாரிடமிருந்து கிடைத்தது. புலாவ் தீக்குஸில் ஒரு காப்பிக் கடையில் சந்தித்தோம். அவரிடம் இருந்தது கோடு போட்ட ஒரு நோட்டும் பென்சிலும்தான். இரண்டு மணி நேரம் கேள்வி மட்டும் கேட்டார், ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. நான் "சோதனை இயந்திரங்களைப் பராமரித்தேன்" என்றேன். "எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். இயந்திரம் நின்றுபோன ஓர் இரவைச் சொல்" என்றார்.

சொன்னேன். ஒரு இரவு ஷிப்டில் நல்ல சிப்புகளே தோல்வி என்று விழுந்துகொண்டிருந்தன. எல்லாரும் அந்தத் தொகுதியே பழுது என்று ஒதுக்கப் பார்த்தார்கள். சிப்பைப் பொருத்திச் சோதிக்கும் எட்டுச் சாக்கெட்டுகளின் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். தோல்விகளில் பெரும்பகுதி நான்காம் சாக்கெட்டில் இருந்தது. கழற்றிப் பார்த்தால் அதன் ஊசி முனைகளில் ஈயப்பற்று படிந்திருந்தது. சுத்தம் செய்து மாட்டினேன், இயந்திரம் ஓடியது. பிறகு துப்புரவு அட்டவணையையே மாற்றச் சொல்லி மேலாளருக்கு எழுதினேன், அவரும் மாற்றினார்.

அம்மையார் நோட்டைத் திருப்பிக் காட்டினார். நான் சொன்னது மூன்று வரியாக அங்கே இருந்தது. அடுத்த நேர்காணலில் அந்த மூன்று வரியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் என் கையில் இருந்தது. அந்த வேலை கிடைத்தது. அவருக்குக் கொடுத்தது 250 வெள்ளி.

இன்று ஆள் எடுக்கும் மேசையின் இந்தப் பக்கம் நானும் அமர்கிறேன். ஆகவே உதவி தருபவரை எப்படித் தேர்வது என்று கேட்டால், அவர் விலை சொல்வதற்கு முன் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள் என்பேன். நீங்கள் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அந்த விளம்பரத்தைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். முதல் வரைவை உங்களிடம் கொடுத்து, "இதில் நீங்கள் செய்யாதது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். திருத்தக்கூடிய கோப்பாகவே உங்கள் கையில் தர வேண்டும். படிவம் மட்டும் அனுப்புபவரை விட்டுவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு எடுத்துத் தருபவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். இலக்கணம் திருத்த அதைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. உங்கள் அனுபவத்தை அது கண்டுபிடித்துச் சொல்லாது. ஒரே முதல் வாக்கியத்தோடு நான்கைந்து விண்ணப்பங்கள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது அந்தப் பிள்ளைகளுக்காக வருத்தமாக இருக்கிறது.

இனி அந்த அறுபது விண்ணப்பங்கள். தங்கையே, அவற்றில் பாதிக்குப் பதில் வராமல் போனதற்கு ரெஸ்யூமே காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். வேலை அனுமதி காரணமாக இருக்கும். டிபெண்டன்ட் பாஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வேலையில் சேர முடியாது. நிறுவனம் உங்களுக்காகக் குடிநுழைவுத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். நிறுவனம் அங்கே முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், போதிய மூலதனமும் காட்ட வேண்டும். முழுக்க உள்நாட்டவருடைய நிறுவனத்துக்கு அது பொதுவாக 2,50,000 வெள்ளி, முழுக்க வெளிநாட்டவருடையது என்றால் 5,00,000. 2021 முதல், வெளிநாட்டவரை எடுக்கும் முன் அந்த இடத்தை சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு, சில விலக்குகளோடு. பத்துப் பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் இவ்வளவும் உங்களுக்காகச் செய்யுமா? பெரும்பாலும் செய்யாது. உங்கள் ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூடிவிடுவார்கள்.

ஆகவே வெளிநாட்டவர்களை ஏற்கெனவே வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களைத் தேடிப் போங்கள். லிங்க்ட்இன்னில் ஒரு நிறுவனத்தின் ஊழியர் பட்டியலைத் திறந்து, இந்தியாவில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினாலே தெரிந்துவிடும். ரெஸ்யூமேயின் தலைப்பகுதியிலேயே, பெயருக்குக் கீழே, 'பினாங்கில் வசிக்கிறேன், டிபெண்டன்ட் பாஸ், வேலை அனுமதி தேவை' என்று ஒரு வரி எழுதுங்கள். மறைத்தால் நேர்காணலில் தெரியப்போகிறது, எல்லாருடைய நேரமும் வீண். நீங்கள் ஏற்கெனவே இங்கே குடியிருப்பது உங்களுக்குச் சாதகமும்கூட. ஊரிலிருந்து அழைத்துவர வேண்டியதில்லை, வீடு பார்த்துத் தர வேண்டியதில்லை.

சம்பளத்தைக் குறைத்துக் கேட்டால் கிடைத்துவிடும் என்று எண்ணி 3,000 வெள்ளி போட்டதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் பதறிவிட்டேன். வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸின் ஒவ்வொரு வகைக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை அரசு வகுத்திருக்கிறது. அதை உயர்த்தியும் வருகிறது. வரம்புக்குக் கீழே கேட்டால், உங்களை எடுக்க விரும்புபவரால்கூட எடுக்க முடியாது. குடிநுழைவுத் துறையின் வெளிநாட்டவர் சேவைப் பிரிவுத் தளத்தில் இன்றைய வரம்பைப் பார்த்துவிட்டு, ஏழு ஆண்டு அனுபவத்துக்கு உரிய தொகையைக் கேளுங்கள்.

உங்கள் ரெஸ்யூமேயையும் பார்த்தேன். தந்தை பெயர், மதம், பாஸ்போர்ட் எண், கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று இடம், நாள், கையொப்பம். நம் ஊர் வழக்கம் அது. இங்கே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பாஸ்போர்ட் எண் முன்பின் தெரியாதவர்களிடம் போகவே கூடாது. நான்கு பக்கம் இரண்டாகட்டும். பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து, பெட்டிகள் போட்ட அந்த அழகிய வடிவமும் வேண்டாம். பல நிறுவனங்களில் முதலில் கணினிதான் படிக்கிறது. பிடிஎஃப் கோப்பில் உள்ள எழுத்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். உங்களுடையதை நான் ஒட்டிப் பார்த்தபோது, கோவையில் பார்த்த வேலைக்குக் கீழே கல்லூரி மதிப்பெண் வந்து நின்றது. குழந்தைக்காக எடுத்த இரண்டு ஆண்டை 'குழந்தை வளர்ப்புக்கான இடைவெளி' என்று ஆண்டோடு நேராக எழுதிவிடுங்கள். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பொய் மட்டும் வேண்டவே வேண்டாம். பினாங்கு சின்ன இடம். பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் மண்டலம் 1972இல் தொடங்கியது. அந்த நாளில் வந்த இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், போஷ் உள்ளிட்ட எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் சொல்வார்கள். அதிலிருந்து ஐம்பது ஆண்டுகளாக ஆட்கள் ஒரு வாசலில் நுழைந்து அடுத்த வாசலில் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். இப்போது தொழிற்சாலைகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊர் வரைக்கும் பரவிவிட்டன. உங்கள் ரெஸ்யூமேயில் வரும் மேலாளரையோ சக ஊழியரையோ உங்கள் வருங்கால மேலாளர் நேரில் அறிந்திருக்கக்கூடும். இதே காரணத்தால் நல்லதும் நடக்கும். உள்ளே இருக்கும் ஒருவர் உங்கள் பெயரைப் பரிந்துரைத்தால் மனிதவளத் துறை திறந்து பார்க்கிறது. கணவரின் நண்பர்களிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்க வேண்டாம். "உங்கள் பிரிவில் மென்பொருள் சோதனை யார் பார்க்கிறார்கள், அவரிடம் பதினைந்து நிமிடம் பேசலாமா?" என்று கேளுங்கள்.

ஆள் தேர்வு நிறுவனங்கள் அழைத்தால் பேசுங்கள். நிபுணர் வேலைகளுக்கு அவர்களுடைய கட்டணத்தைப் பொதுவாக முதலாளிதான் கொடுக்கிறார். 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி இவர்களுக்குத் தொழிலாளர் துறையின் உரிமம் இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள். முறையானவர் உடனே தருவார். உங்களிடம் முன்பணம் கேட்டால் அந்த அழைப்பை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இப்போது தம்பி விஷயம். இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் நெஞ்சு படபடத்தது. "விசா இல்லாமலே 30 நாளுக்கு வரலாம், வந்தபின் பெர்மிட்டாக மாற்றித் தருகிறேன், இரண்டரை லட்சம் ரூபாய்" என்று ஏஜெண்ட் சொல்கிறார் என்றீர்கள். இந்தியர்களுக்கு விசா விலக்கு 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது, அது சுற்றிப் பார்க்க. வேலைக்கு வருபவருக்கு, அவர் ஊரில் இருக்கும்போதே நிறுவனம் அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும். சுற்றுலாவாக வந்து வேலையில் நின்றவர்களின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும், சம்பளம் கேட்டால் போலீஸைக் காட்டி மிரட்டுவதும் இங்கே நடக்கிறது. பிறை என்ற ஊரில் ஒரு பையனை அப்படி நானே பார்த்தேன். சிவகங்கைப் பக்கம். மூன்று மாதச் சம்பளம் நிலுவை, அம்மாவிடம் சொல்லவில்லை, செருப்பு பிய்ந்ததைக் கயிற்றால் கட்டியிருந்தான். அவன் முகம் மறக்கவில்லை.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். பதிவு பெற்றவர்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இரண்டரை லட்சம் கேட்பவர் எந்தக் கணக்கில் கேட்கிறார்? சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, தம்பியை அங்கே ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது, பாஸ்போர்ட்டையும் கையை விட்டு விடக் கூடாது. இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். வேலை கிடைத்து முதல் மாதச் சம்பளத்தில் 30 சதவீதம் வரி பிடித்தால் பயந்துவிடாதீர்கள். வரிக் கணக்கில் வசிப்பவர் ஆகாதவருக்கு அந்த விகிதம். ஓர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். கூடுதலாகப் பிடித்தது கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்ப வரும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வெளியீட்டுக்கு முந்தைய இரவு, பணம் இரண்டு முறை கழிகிற பிழையை நீங்கள் பிடித்ததால் வெளியீட்டையே ஒரு நாள் தள்ளினார்கள் என்று. ரெஸ்யூமேயில் தேடினேன், அது இல்லை. 'சோதனைப் பணிகளுக்குப் பொறுப்பு' என்று மட்டும் இருக்கிறது. அந்த இரவை எனக்கு முழுதாக எழுதி அனுப்புங்கள். எப்படிச் சந்தேகம் வந்தது, எத்தனை மணிக்கு, யாரை எழுப்பினீர்கள், அவர் முதலில் என்ன சொன்னார், பிழையை எப்படிக் காட்டிக்கொடுத்தீர்கள். தமிழிலேயே எழுதுங்கள், நீளம் பற்றிக் கவலை வேண்டாம். ஞாயிறு காலை ஓய்வாக இருப்பேன், உட்கார்ந்து படிக்கிறேன்.