வாசகர் கேள்வி–பதில்: ஒருசந்தியும் சர்க்கரை மாத்திரையும்

தறி ஓட்டும் என் கணவருக்கு 57 வயது. சர்க்கரைக்கு இருவேளை மாத்திரை. சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் மாலை வரை பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன் என்கிறார். சொன்னால், ‘ஆண்டவர் பாத்துக்குவார்’ என்கிறார்.
*– வாசகி, அம்மாபேட்டை, சேலம்*

கத்தோலிக்கத் திருச்சபை கேட்காததை உங்கள் கணவர் தானாகச் சுமக்கிறார். 18 வயது முடிந்தவர் முதல் 59 நிறையும் வரை, இந்த இரண்டு நாளும் ஒருசந்தி கடமை. ஒருவேளை முழுச் சாப்பாடு உண்டு. மற்ற இருவேளையும் கொஞ்சம் சாப்பிடலாம். அவ்விரண்டையும் சேர்த்தாலும் அந்த முழுச் சாப்பாட்டின் அளவு வரக்கூடாது, அவ்வளவுதான். தண்ணீருக்குத் தடையே கிடையாது. நோயாளிக்கு ஒருசந்தியே கடமையில்லை. இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது முதல். அதை அவர் தாராளமாகக் கடைப்பிடிக்கலாம்.

மாத்திரையின் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு வகையாக இருந்தால், போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வரும். தறிப்பட்டறை வெக்கையில் நிற்பவர் அதை வேலைக் களைப்பு என்றே நினைத்துக்கொள்வார், ஆபத்து அங்கேதான். அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நோன்புக்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு. சாம்பல் புதனன்று தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம்) தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே, டீக்கடை வடையையும் பீடியையும் விட்டு, அந்தக் காசைப் பசித்தவருக்குக் கொடுக்கலாம். எசாயா 58-ஆம் அதிகாரம் சொல்லும் நோன்பு அதுதான். (பீடியை விடுவது பட்டினியைவிடக் கஷ்டம் என்பதை அவரே ஒப்புக்கொள்வார்!)

தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். எண்ணினால் 46 வருகிறதே? ஞாயிறு கறி எடுக்கலாமா?
*– வாசகர், சூரமங்கலம்*

சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை 46. அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்துப் பாருங்கள், 40 வரும். ஞாயிறு இயேசு உயிர்த்த நாள் என்பதால் நோன்பில் சேராது, கறிக்குத் தடையில்லை. 46 நாளும் கறி வாங்காத வீடுகள் உண்டு, அது அந்த வீட்டு நேர்ச்சை. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனையை வைத்துப் பக்தியை அளக்க வேண்டாம்.

காலை 6.30 பூசைக்கு எஸ்டேட்டிலிருந்து பனியில் நடந்து வருகிறோம். வரக்காபி குடித்தால் நற்கருணை வாங்கலாமா?
*– வாசகி, ஏற்காடு*

நற்கருணைக்காக (பூசையில் வாங்கும் அப்பம்) ஒன்றும் உண்ணாமல் இருக்க வேண்டிய ஒரு மணி நேரக் கணக்கு பூசை தொடங்குவதற்கு முன் அல்ல, அதை வாங்குவதற்கு முன். ஏழு மணிக்கு வாங்குவீர்கள் என்றால் ஆறுக்குள் குடித்துவிடுங்கள். தண்ணீரும் மருந்தும் எப்போதும் சரி. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பராமரிப்போர் ஆகியோருக்கு இந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை.

போன வருடக் குருத்தோலையைக் குப்பையில் போட மனம் வரவில்லை.
*– வாசகர், நாகலூர்*

சாம்பல் புதனுக்கு முன் பங்குக் கோவிலில் கொடுங்கள். நெற்றியில் பூசும் சாம்பல் அதிலிருந்துதான் தயாராகிறது. கட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை முதலில் அவிழ்த்துவிடுங்கள், சாம்பலோடு உருகி ஒட்டிக்கொள்ளும். வீட்டிலேயே எரிப்பதானால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் புகையும் கரியும்தான் மிஞ்சும். மலைக்காற்றில் பொறி பறக்கும், ஆழமான இரும்புச் சட்டியில் போட்டு எரியுங்கள். ஆறிய சாம்பலைக் கால் படாத செடியடியில் புதைக்கலாம். நெற்றியில் பூச எடுத்து வைப்பதானால் சலித்து, உலர்வாகவே வையுங்கள். தண்ணீர் கலந்து வைத்தால் காரம் ஏறி, தோல் எரியும்.