1920ஆம் ஆண்டின் அமெரிக்க கார் பந்தய சாம்பியன் யார்: காஸ்டன் ஷெவர்லேயா, டாமி மில்டனா?

வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். ஒரு பட்டியலில் 1920க்கு நேரே காஸ்டன் ஷெவர்லே பெயர் இருக்கிறதாம், இன்னொன்றில் டாமி மில்டன் பெயர். எது அச்சுப் பிழை என்பது அவருடைய சந்தேகம். இரண்டுமே அச்சுப் பிழை இல்லை. இரண்டு பெயருக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. என் பதில் காஸ்டன்தான். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் மில்டனுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அதனால் அந்த ஆண்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அன்று அமெரிக்காவில் கார் பந்தயங்களுக்கு அனுமதி கொடுத்ததும் விதி வகுத்ததும் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தின் போட்டிக் குழு. 1905இல் ஒருமுறை புள்ளி போட்டுச் சாம்பியன் பட்டம் கொடுத்தார்கள். 1916இல் மறுபடி கொடுத்தார்கள். அதை டாரியோ ரெஸ்டா வென்றார். அமெரிக்கா உலகப் போரில் இறங்கியதும் அது நின்றுபோனது. 1920இல்தான் மீண்டும் தொடங்கி, 1941 வரை விடாமல் நடந்தது. ஆகவே 1920 என்பது போர் முடிந்து, ஆட்கள் திரும்பி வந்து, பந்தயம் புதிதாக மூச்சு விட்ட ஆண்டு. எஞ்சின் அளவின் வரம்பையும் இந்தியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் அந்த ஆண்டு 3 லிட்டராகக் குறைத்தார்கள். பழைய பெரிய எஞ்சின்கள் மூலைக்குப் போயின.

முதல் பந்தயம் பிப்ரவரி 28 அன்று கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில், அன்றுதான் திறக்கப்பட்ட புத்தம் புதிய மரப்பலகைத் தடத்தில் நடந்தது.

மரப்பலகையில் கார் பந்தயமா என்று வியப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். என் அப்பா தச்சர். இந்தத் தடங்களின் பழைய படங்களை முதலில் பார்த்தபோது எனக்குக் கார்கள் கண்ணில் படவில்லை, மரம்தான் பட்டது. இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டங்களைப் படுக்கப் போடாமல், குறுகிய பக்கம் மேலே தெரியும்படி விளிம்பில் நிறுத்தி, ஒன்றோடொன்று நெருக்கி ஆணி அடித்துத் தடம் முழுவதும் பரப்பியிருப்பார்கள். பெவர்லி ஹில்ஸ் தடத்தின் ஒரு சுற்று ஒன்றேகால் மைல், அதாவது 2 கிலோமீட்டர். வளைவுகளில் தளம் 30 பாகைக்கும் மேல் சரிந்து நிற்கும். வீட்டுக் கூரை மாதிரியான அந்தச் சரிவில் நடந்து ஏறுவதே சிரமம். நேர்த்தடத்திலிருந்து வளைவுக்குக் கார் சட்டென்று விழாமல் படிப்படியாகச் சாயும்படி, ரயில் பாதைக்குப் போடும் வளைவுக் கணக்கை ஆர்ட் பில்ஸ்பரி என்ற பொறியாளர் இங்கே பயன்படுத்தினார். வேகம் பிய்த்துக்கொண்டு போனதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் மரத்துக்கு எந்தப் பூச்சும் கிடையாது. வெயில், மழை, மேலே சொட்டும் எஞ்சின் எண்ணெய் எல்லாவற்றையும் பச்சை மரம் அப்படியே வாங்கிக்கொள்ளும். சில ஆண்டுகளில் சட்டம் உளுத்து நார்நாராகப் பிரியும், ஆணி தலை தூக்கும், முன்னால் போகிற காரின் சக்கரம் கிளப்பும் சிலாம்பு பின்னால் வருகிறவர் முகத்தில் பாயும். பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே தளத்துக்கு அடியில் தச்சர்கள் நின்று உடைந்த சட்டங்களைச் சரி செய்த தடங்களும் உண்டு. தலைக்கு மேல் நூறு மைல் வேகத்தில் கார்கள் போக, கீழே சுத்தியலோடு நின்ற அந்த ஆட்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்கள் அவர்கள்தான்.

அந்த முதல் பந்தயத்தை வென்றவர் ஜிம்மி மர்ஃபி. அவர் மெக்கானிக்காக இருந்து ஓட்டுநரானவர். அன்றைய பந்தயக் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து போவார். பெட்ரோல் தொட்டியில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவது, டயர் தேய்கிறதா என்று பார்ப்பது, பின்னால் யார் நெருங்குகிறார் என்று சொல்வது எல்லாம் அவர் வேலை. மர்ஃபியை நம்பிக் கார் கொடுக்கச் சொல்லி டூசன்பெர்க் நிறுவனத்திடம் வாதாடியவர் அந்த அணியின் முதன்மை ஓட்டுநர் டாமி மில்டன்.

மில்டனைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் இந்தச் சர்ச்சையின் எடை புரியும். மின்னசோட்டா மாநிலத்தவர். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. அந்த ஒற்றைக் கண்ணோடுதான் சரிந்த பலகைத் தடத்தில் அடுத்த காருக்கும் தன் காருக்கும் உள்ள இடைவெளியைக் கணித்து ஓட்டினார். 1919இல் யூனியன்டவுன் தடத்தில் அவர் கார் தீப்பிடித்து அவருக்குக் கடுமையான தீக்காயம். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே இரண்டு எஞ்சின்களை அருகருகே பூட்டிய ஒரு வேகச் சாதனைக் காரைத் திட்டமிட்டார். கார் தயாரானபோது அவர் கியூபாவுக்குப் பந்தயத்துக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள், தான் கைதூக்கிவிட்ட மர்ஃபியே டேடோனா கடற்கரையில் அந்தக் காரை ஓட்டிச் சாதனை வேகம் எட்டிவிட்டார் என்ற செய்தி வந்தது. மில்டன் நேரே டேடோனா போய், ஏப்ரல் 27 அன்று மணிக்கு 156.046 மைல், அதாவது சுமார் 251 கிலோமீட்டர் வேகத்தில் அதே காரை ஓட்டினார். சாதனை அவருடையதானது. ஆனால் டூசன்பெர்க்கோடு இருந்த உறவு அங்கேயே கசந்தது, மர்ஃபியோடு இருந்த நட்பும்தான். அந்த மனக்கசப்போடுதான் அவர் 1920 முழுவதையும் ஓட்டினார். ஓட்டியதோடு இல்லை, யூனியன்டவுனில் இரண்டு முறை, டகோமாவில் ஒரு முறை என்று நீண்ட தூரப் பந்தயங்களை வென்றார். அந்த ஆண்டின் ஆகச் சிறந்த ஓட்டுநர் யார் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் மில்டன் என்பேன்.

கேள்வி அதுவல்ல. சாம்பியன் யார் என்பது கேள்வி.

இப்போது காஸ்டன். லூயி, ஆர்தர், காஸ்டன் ஆகிய மூன்று ஷெவர்லே சகோதரர்களில் இளையவர். மூத்தவர் லூயியின் பெயரில்தான் ஷெவர்லே கார் நிறுவனம் 1911இல் தொடங்கியது. அவர் சில ஆண்டுகளிலேயே அதிலிருந்து விலகிவிட்டார், பெயர் நிறுவனத்தோடு தங்கிவிட்டது. தன் பெயரைத் தன் காருக்கு வைக்க முடியாத நிலையில் சகோதரர்கள் பந்தயக் கார்கள் கட்டினார்கள். சிலவற்றுக்கு ஃபிரான்டெனாக் என்றும், முதலீடு செய்த நிறுவனத்தை ஒட்டிச் சிலவற்றுக்கு மன்ரோ என்றும் பெயர். 1920 இந்தியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்துக்கு அப்படி ஏழு கார்களைக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கார்களின் ஸ்டியரிங் கையில், அதாவது சக்கரத்தைத் திருப்பும் உலோகக் கம்பியில், கோளாறு இருந்தது. பந்தயத்தின் நடுவே பல கார்களில் அது உடைந்தது. லூயியின் கார் நின்றது, வேறு சிலரும் சுவரில் மோதி வெளியேறினார்கள். பந்தயத்தின் முதல் பாதியில் பெரும்பகுதி முன்னிலையில் இருந்த ஜோ பாயரும் முடிக்கும் தறுவாயில் மோதினார். காஸ்டனின் கார் தாங்கியது. அவர் அதை அடித்து ஓட்டவில்லை. 500 மைலும் ஒரு டயரைக்கூட மாற்றாமல் முடித்தார். அதுவரை இந்தியானாபோலிஸில் யாரும் செய்யாதது அது. செங்கல் பதித்த அந்தத் தடத்தில் டயர்கள் எப்படித் தேயும் என்று நினைத்துப் பார்த்தால் அவர் எவ்வளவு நிதானமாகக் காரைப் பிடித்திருக்கிறார் என்பது விளங்கும்.

அதிர்ஷ்டமும் துணை நின்றது, மறைக்கவில்லை. ரால்ஃப் டி பால்மா தன் பாலோ காரில் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். 1912இல் இதே இடத்தில், வெற்றிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கார் செத்துப்போய் மெக்கானிக்கோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்த அதே டி பால்மா. இம்முறையும் முடிவு நெருங்கும்போது கார் நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, உடன் வந்த மெக்கானிக், அவருடைய உடன்பிறந்தவரின் மகன் பீட்டர் டி பாவ்லோ, தடத்தோரமாகப் பெட்ரோல் வாங்க ஓடினார். உண்மையில் கெட்டுப்போனது எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்று. பாதி சிலிண்டர்களோடு கார் மறுபடி கிளம்பி ஐந்தாவதாக வந்தது. கடைசி 14 சுற்றுகளில் காஸ்டன் முன்னிலையில் இருந்து, சராசரி 88.62 மைல் வேகத்தில் வென்றார். 1912க்குப் பிறகு அங்கே அமெரிக்கக் கார் ஒன்று வென்றது அன்றுதான். மில்டன் மூன்றாவது, மர்ஃபி நான்காவது.

நீண்ட பந்தயத்துக்கு அதிகப் புள்ளி என்பது முறை. 500 மைல் ஓடிய பந்தயம் அது ஒன்றுதான். காஸ்டன் புள்ளியில் மேலே போனதன் ரகசியம் அவ்வளவே. இடையில் நடந்தவற்றில் எல்ஜின் சாலைப் பந்தயத்தை டி பால்மா வென்றார் என்பதைத் தவிர இங்கே சொல்ல வேண்டியது அதிகம் இல்லை.

கடைசிப் பந்தயம் நவம்பர் 25, நன்றி நவிலும் நாள். மறுபடி பெவர்லி ஹில்ஸ், அதே பலகைத் தடம், 250 மைல். காஸ்டன் காரும் எடி ஓ'டானலின் டூசன்பெர்க்கும் சரிவில் மோதிக்கொண்டன. காஸ்டன் இறந்தார். அவருக்கு வயது 28. ஓ'டானலும் அவருடைய மெக்கானிக் லைல் ஜோல்ஸும் இறந்தார்கள். காஸ்டனோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் பிழைத்துக்கொண்டார். பந்தயத்தை ராஸ்கோ சார்ல்ஸ் வென்றார். மே மாதம் இந்தியானாபோலிஸில் ஷெவர்லே அணியில் ஓட்டியவர்.

ஆண்டுக் கணக்கை முடித்தபோது புள்ளியில் முதலிடம் காஸ்டனுக்கு. சங்கம் அவரையே சாம்பியன் என்று அறிவித்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

இனி சர்ச்சைக்கு வருகிறேன். சங்கம் 1920இல் எல்லாப் பந்தயங்களுக்கும் புள்ளி கொடுக்கவில்லை, தேர்ந்தெடுத்த சிலவற்றுக்குத்தான் கொடுத்தது. 1920களின் பிற்பகுதியில் போட்டிக் குழுவின் செயலாளர் வால் ஹேர்ஸ்நேப்பும் உதவிச் செயலாளர் ஆர்தர் மீன்ஸும் பழைய பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, சாம்பியன் பட்டமே இல்லாத ஆண்டுகளுக்கும் புள்ளி போட்டுப் பட்டியல் தயாரித்தார்கள். 1920க்கு வந்தபோது, அன்று புள்ளி இல்லாத பந்தயங்களையும் சேர்த்துக் கூட்டினார்கள். கூட்டினால் மில்டன் மேலே வருகிறார். அந்தக் கணக்கு சில பட்டியல்களில் ஏறிவிட்டது. நீங்கள் பார்த்த இரண்டாவது பட்டியலின் வேர் அதுதான்.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. பதிவுகளைப் பாதுகாத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 1912இல் ஓடியவருக்கு அந்த ஆண்டு ஒரு பட்டத்துக்காக ஓடுகிறோம் என்றே தெரியாது. அவரை அந்த ஆண்டின் சாம்பியன் என்று பிற்பாடு எழுதுவது ஆராய்ச்சியாளரின் கணிப்பு, பட்டம் அல்ல. 1920இல் நடந்தது அதைவிட ஒரு படி அதிகம். அங்கே ஏற்கெனவே ஒருவருக்குப் பட்டம் கொடுத்தாகிவிட்டது. எந்தச் சங்கம் கொடுத்ததோ அதே சங்கத்தின் அலுவலகத்தில், ஓட்டமெல்லாம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, கூட்டல் முறையை மாற்றி அதைத் திரும்ப எடுக்கிறார்கள். எழுந்து நின்று கேள்வி கேட்கக் காஸ்டன் இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. இறந்துபோனவர் என்ற இரக்கத்தால் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருந்து, மில்டன் இறந்திருந்தாலும் இதையே சொல்வேன்.

போன ஆண்டு மகன் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் போயிருந்தபோது, வில்ஷயர் சாலையில் பெவர்லி வில்ஷயர் ஹோட்டல் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். தடம் 1924இலேயே போய்விட்டது. நிலத்தின் மதிப்பு ஏறிவிட்டதால் விற்றுவிட்டார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதியில்தான் ஹோட்டல். நடைபாதையில் நின்று, எந்தப் பக்கம் வளைவு இருந்திருக்கும் என்று பழைய படத்தைக் கைப்பேசியில் வைத்துப் பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. டூசன்பெர்க்கை விட்டு வெளியேறிய மில்டன் 1921இல் யாரிடம் போனார் தெரியுமா? லூயி ஷெவர்லேயிடம். தம்பியை இழந்து ஆறு மாதம் ஆகியிருந்த லூயி கட்டிய எட்டு சிலிண்டர் ஃபிரான்டெனாக்கை ஓட்டி, அந்த ஆண்டின் இந்தியானாபோலிஸ் பந்தயத்தை மில்டன் வென்றார். அந்த ஆண்டின் சாம்பியனும் அவரே, அதில் எந்தப் பட்டியலிலும் மாறுபாடு இல்லை. ஆகவே உங்கள் வினாத்தாளில் 1920க்குக் காஸ்டன் ஷெவர்லே என்றும், 1921க்கு டாமி மில்டன் என்றும் எழுதுங்கள். யாராவது 1920க்கு மில்டன் என்று பதில் சொன்னால் தவறு என்று ஒதுக்காமல், எந்தக் கணக்குப்படி சொல்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.