கருவி 38 காட்டினால் ஊற்றில் ஈயமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. வீட்டுக்கு ஊற்றுத் தண்ணீர்தான். பைப் போட்டு டேங்கில் விழ வைத்திருக்கிறோம். போன வாரம் வந்த ஒருவர், கைக்கருவியில் சின்னக் கறுப்புப் பட்டை ஒன்றைச் செருகி, சமையலறைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, "ஈயம் 38" என்று காட்டினார். கருவி 22,000 ரூபாயாம். இல்லாவிட்டால் ஆர்.ஓ எந்திரமாவது போடுங்கள் என்கிறார். மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: இரண்டையும் இப்போது வாங்காதீர்கள் அம்மா. ஆனால் அந்த 38ஐச் சிரித்து ஒதுக்கியும் விடாதீர்கள். அவர் சொன்னது லிட்டருக்கு 38 மைக்ரோகிராம் என்றால், குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு 10 மட்டுமே. அது மெய்யா என்பதுதான் கேள்வி.

அந்தக் கறுப்புப் பட்டை மோசடிப் பொருள் இல்லை. அது கரியால் செய்த மின்முனை, அதாவது தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தும் முனை. கிராஃபைட் தூளைப் பசையாகக் குழைத்து மின்முனை செய்யலாம் என்று அமெரிக்க வேதியியலாளர் ரால்ஃப் ஆடம்ஸ் 1958இல் காட்டினார். அதே கரியோடு பிஸ்மத் போன்ற உலோகம் ஒன்றைச் சேர்த்தால் ஈயம் நன்றாக ஒட்டும். வேலை செய்யும் விதம் உண்டியல் மாதிரி. சில நிமிடம் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியின் மேல் சேரும். பிறகு மின்னழுத்தத்தை மெல்ல மாற்றினால் சேர்ந்ததெல்லாம் கழன்று வரும். ஈயம் ஓர் அழுத்தத்தில், செம்பு வேறோர் அழுத்தத்தில் கழலும். அப்போது பாயும் மின்சாரத்தை வைத்து எவ்வளவு இருந்தது என்று கணக்கிடுகிறார்கள். சொட்டுச் சொட்டாகச் சேர்த்து எண்ணுவதால்தான் இவ்வளவு நுண்ணிய அளவும் பிடிபடுகிறது.

சிக்கல் உங்கள் ஊர்த் தண்ணீரில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். சோலை ஓரத்து ஊற்றுகளில் மழைக்காலத்தில் தண்ணீர் வெளிறிய டீ நிறத்தில் வருமே, அது இலைமக்கின் சாரம். அந்தச் சாரம் ஈயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட ஈயம் பட்டைக்குத் தெரியாது. போதாக்குறைக்குச் சாரமே கரியின் மேல் படிந்து அடைத்துவிடும். ஆய்வகத்தில் அமிலம் விட்டுச் சூடாக்கி அந்தப் பிடியை உடைத்த பிறகே அளப்பார்கள். அடுத்தது செம்பு. தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்குத் தோட்டத்தில் காப்பர் மருந்து அடிக்கிறோம். அதில் கொஞ்சம் ஊற்றுக்குள் இறங்கினால், பட்டையில் ஈயத்தோடு இடத்துக்குப் போட்டி போடும். இந்த இரண்டுமே ஈயத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டி அல்ல. ஆகவே இன்னொரு நாள் அதே கருவி "ஈயம் இல்லை" என்று சொன்னாலும் நிம்மதி அடையாதீர்கள்.

சரி, அப்படியானால் 38 எங்கிருந்து வந்தது? என் முதல் சந்தேகம் குழாய் மேல்தான். மலைத் தண்ணீர் மென்மையானது, சற்று அமிலத்தன்மை கொண்டது. இரவு முழுக்கப் பித்தளைக் குழாயில் தங்கினால் அதிலுள்ள ஈயத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். இரண்டாவது சந்தேகம், அவர் தண்ணீரைப் பிடித்த டம்ளர் மேல்.

ஆர்.ஓ விற்க வரும் இந்த ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. நாலு கம்பி நீட்டிய பிளக் ஒன்றை, உங்கள் தண்ணீர் ஒன்று, ஆர்.ஓ தண்ணீர் ஒன்று என இரண்டு டம்ளரில் வைத்து, உங்கள் தண்ணீர் மட்டும் காவி நிறமாவதைக் காட்டி "பார்த்தீர்களா அழுக்கை" என்பார்கள். என் தங்கை வீட்டிலேயே இதைச் செய்து 14,000 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார்கள். அழுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த இரும்புக் கம்பிதான் மின்சாரத்தில் கரைகிறது. ஆர்.ஓ தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்கள், அதுவும் காவியாகும். டி.டி.எஸ் மீட்டரும் இதற்கு உதவாது. அது மொத்த உப்பைத்தான் சொல்லும், ஈயத்தைச் சொல்லாது. ஆர்.ஓ ஈயத்தை நீக்கும் என்பது உண்மை. ஆனால் கோளாறு ஒரு குழாயில் என்றால் குழாயை மாற்றினால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு பாட்டில். ஒன்று, காலையில் யாரும் தொடுவதற்கு முன் சமையலறைக் குழாயில் வரும் முதல் தண்ணீர். மற்றொன்று, ஊற்று வாயிலேயே பிடித்தது. பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். உள்ளே சில சொட்டு நைட்ரிக் அமிலம் இருந்தால் கழுவிவிடாதீர்கள், கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீர் வாரிய ஆய்வகத்துக்குப் போனால், வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட் போன்றவைதான் வரும். ஈயம் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். தனியார் ஆய்வகம் என்றால், ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகாரமான என்.ஏ.பி.எல் "குடிநீரில் ஈயம்" என்பதற்கு உண்டா என்று கேளுங்கள். சுவரில் சான்றிதழ் தொங்குவது போதாது, அது ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் தரப்படுவது.

ரிப்போர்ட்டில் "கண்டறியும் அளவுக்குக் கீழ்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த அளவு? வரம்பு 10 ஆக இருக்க, 50க்குக் கீழ் எதையும் பார்க்க முடியாத முறையில் சோதித்துவிட்டு "இல்லை" என்று முத்திரை குத்திய தாளை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், "ஃபார்மட் அப்படித்தான் சார்" என்றார்கள். மக்கள் காசு கொடுத்து வாங்கும் தாளில் ஒரே ஓர் எண் கூடுதலாக அச்சடிக்க என்ன ஃபார்மட் தடையோ தெரியவில்லை.

ரிப்போர்ட் வரும்வரை மருமகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் சீல் உடையாத ஐ.எஸ்.ஐ கேன் தண்ணீர் வாங்கிக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

அந்த ஆள் திரும்ப வந்தால், முதலில் காய்ச்சி வடித்த நீரில் பட்டையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் 20, 30 என்று வந்தால் கதை முடிந்தது. அந்த நீரை மட்டும் பேட்டரிக் கடையில் திறந்த கேனிலிருந்து வாங்காதீர்கள். அங்கே தொட்ட இடமெல்லாம் ஈயம்தான்.