ஐந்நூறு வேண்டாம், ஐம்பது போதும் டீச்சர்

கேள்வி: கோத்தகிரி பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், 28 வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளின் பாட்டிமார்களிடம் கேட்டுக் கேட்டு, படுகர் பழமொழிகளையும் தாலாட்டுகளையும் தமிழ் எழுத்தில் எழுதி, தமிழில் பொருளும் சேர்த்து வைத்திருக்கிறேன். 160 பக்கம் வருகிறது. 2004இல் ஒரு டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு கைவசம் உள்ளது. சமவெளியில் ஒரு பதிப்பகத்தார் 500 பிரதிக்கு 70,000 ரூபாய் கேட்கிறார்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாக 3,000. பெங்களூரில் இருக்கும் அக்கா மகன், “இப்போ யாரு சித்தி புத்தகம் வாங்குறாங்க? கிண்டில்ல போட்டா போதும்” என்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: டீச்சர், அந்தப் பணத்தை இன்னும் கொடுத்துவிடவில்லையே? நல்லது. கொடுக்காதீர்கள். அக்கா மகன் சொல்வதும் பாதிதான் சரி.

500 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்கிறேன். அது ஆஃப்செட் அச்சின் எண். டெம்மி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம்; 160 பக்கம் என்றால் பத்து ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் பிளேட் போட வேண்டும். மெஷினில் ஏற்றி மை சரிபார்ப்பதற்குள்ளேயே ஒரு கட்டுத் தாள் வீணாகும். ஐம்பது பிரதி அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் இந்தச் செலவு மாறாது. அதனால்தான் தமிழ்ப் பதிப்பாளர்கள் ஒரு காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்துக் குவித்தார்கள். டிஜிட்டல் அச்சில் பிளேட்டே கிடையாது; பிடிஎஃப் நேராக மெஷினுக்குப் போகிறது. முதல் பிரதிக்கும் முந்நூறாவது பிரதிக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. இதைத்தான் பிரிண்ட் ஆன் டிமாண்ட், சுருக்கமாக பிஓடி என்கிறார்கள். பெரிய பதிப்பகங்களே மெதுவாக விற்கும் பழைய தலைப்புகளை இப்படித்தான் உயிரோடு வைத்திருக்கின்றன.

உங்களிடம் கேட்டிருப்பது ஒரு பிரதிக்கு 140 ரூபாய். வண்ணப் படம் இல்லாத 160 பக்கத்துக்கு, அதுவும் ஐந்நூறு அடிக்கும்போது, அது அதிகம். பிஓடியில் ஐம்பது மட்டும் அடித்தாலே பல இடங்களில் அதற்குக் குறைவாக முடித்துத் தருவார்கள். இரண்டு மூன்று அச்சகங்களில் விலை கேளுங்கள்.

அப்புறம், மீதியை எங்கே வைப்பீர்கள்? நான் பட்டுத்தான் கேட்கிறேன். குன்னூர் பெட்போர்டில் டிடிபி கடை வைத்திருந்த காலத்தில் ஒரு கவிதைத் தொகுப்பை 500 அடித்து, விற்காத கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். ஐப்பசி மழை முடிந்து ஒரு கட்டைப் பிரித்தால் முதுகெல்லாம் பச்சைப் பூஞ்சணம். அட்டைகள் வாயைத் திறந்துகொண்டு மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. லேமினேஷன் செய்த பக்கம் ஈரத்தை வாங்காது, உட்பக்கத் தாள் வாங்கி விரியும். அட்டை லேமினேஷன் பக்கமாக வளையும். மலையில் புத்தகத்தைத் தேக்கி வைப்பது தேயிலைத் தூளைத் திறந்து வைப்பது மாதிரி. தேவைக்கு அடித்துக்கொள்ள முடிவது எல்லாருக்கும் வசதி. நம் ஊருக்கோ அவசியம்.

சரி, இப்போது உண்மையான வேலைக்கு வருவோம். உங்கள் புத்தகத்தின் கதி அச்சகத்தைவிட அந்த 2004 கோப்பின் கையில்தான் இருக்கிறது.

பாமினி ஒரு தந்திரமான ஏற்பாடு. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் எழுத்துரு தமிழ் உருவங்களைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்ததை வேறு எழுத்துருவில் திறந்து பாருங்கள்: நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் புள்ளி! தாளில் அச்சிட இது போதும். கிண்டிலுக்கோ, தேடலுக்கோ, கைபேசியில் வாசிக்கவோ உதவாது. அதற்கு, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் தரும் யூனிகோடு வேண்டும். 1991இல் வந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் அதைத் தரமாக அறிவித்தது. அச்சு உலகம்தான் பழைய எழுத்துருக்களை விட மனமில்லாமல் வெகுகாலம் இழுத்தடித்தது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனைக் காட்டி, இன்றும் “இன்டிசைனில் யூனிகோடு உடையும் சார்” என்பவர்கள் உண்டு. இந்திய மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பை இயக்கினால் உடையாது. அது தெரியாத இடத்தில் உங்கள் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள்.

பாமினியை யூனிகோடாக்க இலவச மாற்றிகள் இருக்கின்றன. என்எச்எம் கன்வெர்ட்டர் பலரும் பயன்படுத்துவது. மாற்றுவது ஒரு நிமிட வேலை. மாற்றியதைத் திருத்துவதுதான் உங்களுக்கு ஒரு மாத வேலை. பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பின்னால் அடிப்பார்கள். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். மாற்றி எங்காவது தடுமாறினால் கொம்பு தனியே கழன்று, புள்ளி வட்டத்தோடு அந்தரத்தில் தொங்கும். கிரந்த எழுத்துகளிலும் தவறு வரும். உங்கள் புத்தகத்தில் இரண்டுக்கும் பஞ்சமிருக்காது. படுகர் தெய்வத்தின் பெயரான ‘ஹெத்தை’ என்ற ஒரே சொல்லில் கிரந்த ஹ, கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் இருக்கின்றன. மாற்றிய கோப்பில் முதலில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். எல்லா இடத்திலும் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாமினி கோப்பின் நடுவே ஆங்கிலத்தில் இருந்த சொற்கள், தாவரப் பெயர்கள் எல்லாம் புரியாத தமிழாக மாறியிருக்கும். அவற்றைக் கையால்தான் அடிக்க வேண்டும்.

திருத்திய கோப்பின் ஒரு பிரதி உங்களிடம் எப்போதும் இருக்கட்டும். யாரிடம் வடிவமைப்பு கொடுத்தாலும், பிடிஎஃப் மட்டும் போதாது, எழுத்துருக்களோடு, திருத்தக்கூடிய திறந்த கோப்பும் வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். பிஓடி உலகில் அதைக் கையில் வைத்திருப்பவர்தான் பதிப்பாளர். மற்றவர்கள் எல்லாம் ஜெராக்ஸ் கடை. (கோபித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு நிறைய.)

இன்னொன்று. தமிழ் எழுத்தில் ka ஒலிக்கும் ga ஒலிக்கும் ஒரே க-தான். படுகர் மொழியான படுகு தெரியாதவர் உங்கள் தாலாட்டைத் தமிழ்போலவே வாசித்துவிடுவார். இங்கேதான் டிஜிட்டல் உங்களுக்கு நிஜமாகக் கைகொடுக்கும். பாடிய பாட்டிகளில் இருப்பவர்களிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள்; அவர்கள் சம்மதத்தைக் கேட்டு, பெயரையும் புத்தகத்தில் போடுங்கள். ஒலிக் கோப்புகளை இன்டர்நெட் ஆர்கைவ் போன்ற இடத்தில் ஏற்றி, அந்த முகவரியின் க்யூஆர் குறியைத் தாலாட்டுக்குப் பக்கத்தில் அச்சிடலாம். ஒரு எச்சரிக்கை: க்யூஆரில் ‘டைனமிக்’ வகை வேண்டாம். அது ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். சந்தா நின்றால் குறியும் செத்துவிடும். ‘ஸ்டாட்டிக்’ வகையில் முகவரி குறிக்குள்ளேயே இருக்கிறது. முகவரி மாறினால் என்ன செய்வது என்கிறீர்களா? அடுத்த ஐம்பதில் மாற்றிக்கொள்ளலாம்.

இனி கிண்டில். 2016இல் அமேசான் அதில் தமிழ் மின்னூல்களைச் சேர்த்தது. ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை. மொழிப் பட்டியலில் படுகு இல்லாததால் தமிழ் என்றே குறியுங்கள். பிடிஎஃப்பாக ஏற்றாமல், யூனிகோடு வேர்டு கோப்பாகவோ இபப் என்ற மின்னூல் கோப்பாகவோ ஏற்றுங்கள். கவனிக்க வேண்டியது ஒப்பந்தம். இந்திய விற்பனையில் 70 சதவீதப் பங்கு வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பழைய மாணவிகளுக்கு வாட்ஸ்அப்பில் முழுப் பிடிஎஃப் அனுப்பவும் கூடாது. சேராவிட்டால் 35 சதவீதம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சேர மாட்டேன். இந்தப் புத்தகத்துக்கு வருமானத்தைவிடப் பரவல் முக்கியம். வெளியூரில் இருக்கும் பேரன் பேத்திகள் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கட்டும், அதற்குக் கிண்டில். பாட்டியின் கையில் கொடுக்கக் காகிதம்தான்.

ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அச்சுக்கு ஒன்று, இபப்புக்குத் தனியாக ஒன்று, கிண்டிலுக்குக் கட்டாயமில்லை. அந்த 3,000 ரூபாய் படிவம் நிரப்பும் கூலி. அந்தப் பதிப்பகத்தாரோடு எந்த ஒப்பந்தம் போட்டாலும் எத்தனை வருடத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். மின்னூல், ஒலி உரிமைகளைக் கொடுக்காதீர்கள். நீங்களே பதிப்பாளர் என்றால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். ஐம்பதில் நான்கு போகும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தபாலுக்கு, 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்ற புத்தகத் தபால் சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. 70 ஜிஎஸ்எம் தாளில் உங்கள் புத்தகம் அட்டையோடு 200 கிராமுக்குள்தான் வரும். அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் உள்ளே இருக்க வேண்டும்.

ஜனவரியில் பேரகணியில் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குக் கூட்டம் கூடும்போது புத்தகம் கையில் இருந்தால் ஐம்பதும் அங்கேயே போய்விடும். ஐம்பது அடிக்கும் முன்னால் ஒரே ஒரு பிரதி மட்டும் அடித்து வாங்குங்கள். பிஓடியில் அது முடியும். அதை ஹட்டியில் யாராவது ஒரு பேத்தியிடம் கொடுத்து, பாட்டி கேட்க உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டி சிரிக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.