கொயரில் பாடியே பிழைக்க முடியுமா?

லண்டனிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: மகளுக்கு 21 வயது, பல்கலைக்கழக கொயரில் (சேர்ந்து பாடும் குழுவில்) ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதியைப் பாடுகிறார், இதையே தொழிலாக்க ஆசை, அதற்காகக் கடன் வாங்கி இசையில் முதுகலை படிக்க வைக்கத்தான் வேண்டுமா?

கடனை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். கொயருக்கு ஆள் எடுப்பவர்கள் பட்டத்தைவிட சைட் ரீடிங்கைத்தான், அதாவது முன்பு பார்க்காத இசைக்குறிப்பைப் பார்த்தவுடனே பாடுவதைத்தான் பார்ப்பார்கள். ஏனென்றால் ஒத்திகைக்கு நேரமே கிடைக்காது. ஆங்கிலிகன் கதீட்ரல்களில் ஈவன்சாங் என்னும் மாலை வழிபாட்டுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னால் கூடி, பைபிளின் சங்கீதப் பாடல், ஆந்தம் என்னும் கொயர் பாடல் எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே போய்ப் பாட வேண்டும். ஒருவர் சுரம் தேடினால் பக்கத்தில் நிற்பவரும் தடுமாறுவார். அருமையான குரல் இருந்தும் இந்த இடத்தில் பின்தங்கிவிடும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்காது, பழகினால் வந்துவிடும் விஷயம்தானே இது.

தினமும் இசையமைப்பாளர் பாக்கின் ஒரு கோரல் (நான்கு குரல்களுக்கான தேவாலயப் பாட்டு) எடுத்து, ஆல்டோ வரியை மட்டும் பாடட்டும். முதல் சுரத்தைப் பியானோவில் கேட்டுக்கொண்டு, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) மெதுவாக ஓடவிட்டு, தப்பு வந்தாலும் நிற்காமல் கடைசி வரை போக வேண்டும், அப்புறம்தான் பியானோவில் சரிபார்க்க வேண்டும். ஆடிஷனில் ஒரு சுரம் பிசகினால் பொறுத்துக்கொள்வார்கள், தாளத்தை விட்டுவிட்டு நின்றால் கஷ்டம்.

அடுத்தது, ஹாரி கிறிஸ்டோபர்ஸ் தொடங்கிய 'தி சிக்ஸ்டீன்' கொயர் 2011 முதல் நடத்திவரும் ஜெனிசிஸ் சிக்ஸ்டீன் பயிற்சி. 18 முதல் 23 வயதுக்காரர்களுக்கானது, கட்டணம் கிடையாது. வயது வரம்பு நெருங்குகிறது, அதனால் அடுத்த ஆடிஷனுக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முழுநேரச் சம்பளம் தரும் கொயர்கள் மிக அரிது. 1924-இல் தொடங்கிய பிபிசியின் சொந்த கொயரான பிபிசி சிங்கர்ஸையே 2023-இல் மூடப்போவதாக அறிவித்து, பலத்த எதிர்ப்புக்குப் பிறகுதான் விட்டுவைத்தார்கள். பெரும்பாலானவர்கள் ஞாயிறு தேவாலயம், கச்சேரி, ஒலிப்பதிவு, பாட்டு வகுப்பு என்று நாலைந்தைச் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள்.

இதற்குள் நுழைய நல்ல வழி 'டெப்', அதாவது வழக்கமாகப் பாடுபவர் வர முடியாத நாளில் அவருக்குப் பதிலாகப் பாடுவது. சம்பளத்துக்குப் பாடகர்களை வைத்திருக்கும் லண்டன் தேவாலயங்களின் இசை இயக்குநர்களுக்கு மகளே எழுதட்டும், நாலே வரி போதும்: ஆல்டோ, இதுவரை பாடிய கொயர்கள், சைட் ரீடிங் எப்படி, எந்த நாட்களில் வர முடியும். கூப்பிட்டால் கால் மணி நேரம் முன்னாலேயே போய், கையில் பென்சிலோடு உட்கார்ந்து, கொயரை நடத்துபவர் சொல்லும், மூச்சு எடுக்க வேண்டிய இடங்களை உடனுக்குடன் குறித்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு ஆள் தேடும்போது இப்படிப்பட்டவர்களைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள்.