கேளுங்க சொல்றேன்: எட்டு மாசம் பிரிஞ்சிருந்த கோட்

கேள்வி: எங்க குரூப்ல கடல் நீரோட்டத்தை சிமுலேட் பண்ற கோட் ஒண்ணு இருக்கு சார், ஆறேழு பேர் சேர்ந்து எழுதுறோம். நான் எட்டு மாசமா என் பிராஞ்ச்லயே (என் தனிக் கிளையிலேயே) உக்காந்துட்டேன், இப்ப மெயினோட, அதாவது எல்லாருக்கும் பொதுவான கோடோட, மெர்ஜ் போட்டா (சேர்த்தா) நாப்பது ஃபைல்ல கான்ஃப்ளிக்ட், ஒரே இடத்தை நானும் மத்தவங்களும் வேற வேற மாதிரி மாத்தியிருக்கோம். கைடு அடுத்த வாரம் ரிசல்ட் கேக்குறாரு. எல்லா இடத்துலயும் என் வெர்ஷனையே வச்சுக்கோன்னு கிட்கிட்ட (கோட் மாற்றங்களைப் பதிவு பண்ற Git மென்பொருள்கிட்ட) சொல்லிடலாமா?
- பிஎச்டி மாணவி, சென்னை

பதில்: சொல்லலாம்மா, கிட் மறுபேச்சு பேசாம செஞ்சும் குடுத்துடும், அதுதான் பிரச்சனையே. அந்த நாப்பது ஃபைல்ல மத்தவங்க பண்ணின திருத்தம் எல்லாம் போயிடும், ஆனா ஹிஸ்டரியில "மெர்ஜ் ஆயாச்சு"ன்னு பதிவாகிடும், அதனால அடுத்த தடவை மெர்ஜ் பண்ணும்போது கூட அந்த திருத்தங்கள் திரும்பி வராது. ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் "நான் சரி பண்ணின பக் எப்படி மறுபடி வந்துச்சு"ன்னு தலைய பிச்சுக்குவாரு.

முதல்ல மெர்ஜ் அபார்ட் (git merge --abort) குடுத்து வெளிய வாங்க. தூக்கி எறியுறதுக்குன்னே ஒரு பிராஞ்ச் போட்டு அதுல விளையாடுங்க. நாப்பது ஃபைல்னு கேட்டதும் எனக்கு வர்ற முதல் சந்தேகம், நடுவுல யாராவது மெயின்ல ஃபார்மேட்டர் (கோடை ஒரே பாணியில அடுக்குற கருவி) ஓட்டிருப்பாங்க, பைத்தான்னா பிளாக், சி பிளஸ் பிளஸ்னா கிளாங்-ஃபார்மேட். அப்படின்னா பாதிக்கு மேல வெறும் ஸ்பேஸ் சண்டைதான். ஃபார்மேட் பண்ணின கமிட்டுக்கு (கிட்ல ஒவ்வொரு தடவை சேமிக்கிற பதிவுதான் கமிட்) முந்தின கமிட் வரைக்கும் மட்டும் மெர்ஜ் பண்ணுங்க, அப்புறம் அதே செட்டிங்ல உங்க கோட்லயும் ஃபார்மேட்டரை ஓட்டி கமிட் பண்ணுங்க, அந்த ஒரே ஒரு ஃபார்மேட் கமிட்டை மட்டும் "என் வெர்ஷனையே வை"ன்னு மெர்ஜ் பண்ணுங்க (நீங்க கேட்டது இங்க மட்டும் சரி!), பிறகு மிச்சம். நாப்பது ஏழெட்டா குறைஞ்சா ஆச்சரியப்படாதீங்க.

மிச்சத்தையும் ஒரே வாய்ல முழுங்க வேண்டாம், மாசம் மாசமா மெர்ஜ் பண்ணுங்க. ரெரெரேன்னு (rerere) ஒரு செட்டிங் இருக்கு, ஆன் பண்ணி வச்சா நீங்க ஒருதரம் தீர்த்த கான்ஃப்ளிக்ட்டை ஞாபகம் வச்சுக்கிட்டு அடுத்த தடவை அதுவே தீர்த்துடும். கான்ஃப்ளிக்ட்டைக் காட்டுற ஸ்டைலை டிஃப்3னு (diff3) மாத்துங்க, கிட் 2.35 இல்ல அதுக்கு மேலன்னா இஸட்-டிஃப்3 (zdiff3). உங்க வரி, அவங்க வரி ரெண்டோட, பிரியறதுக்கு முன்னாடி இருந்த பழைய வரியும் தெரியும். அது தெரியாம யார் எதை மாத்தினாங்கன்னு கண்டுபிடிக்கறது குருட்டாம்போக்குதான்.

இன்னொண்ணு, இதைத்தான் முக்கியமா சொல்லணும். கான்ஃப்ளிக்ட் வந்த ஃபைலை விட வராத ஃபைலைப் பாத்துதான் நான் பயப்படுவேன். ஒரு தடவை எங்க மெயின்ல ஒருத்தர் ஒரு ஃபங்ஷனுக்குள்ள போற மதிப்புகளோட வரிசைய மாத்திட்டாரு, முன்னாடி அட்சரேகை, தீர்க்கரேகைன்னு இருந்ததை தீர்க்கரேகை முதல்லன்னு ஆக்கிட்டாரு, பழைய இடம் எல்லாத்துலயும் ஒழுங்கா திருத்தியும் வச்சாரு. நான் என் பிராஞ்ச்ல புதுசா ஒரு ஃபைல் எழுதி பழைய வரிசையில கூப்பிட்டிருந்தேன். ரெண்டு பேரும் ஒரே வரியைத் தொடல, அதனால மெர்ஜ் வழுக்கிக்கிட்டு போச்சு, கம்பைல் ஆச்சு, ரெண்டும் வெறும் நம்பர்தானே. சென்னை 13 வடக்கு, 80 கிழக்கு. திருப்பிப் போட்டா 80 வடக்கு, 13 கிழக்கு, அதாவது வடதுருவத்துப் பக்கம் ஸ்வால்பார்ட்! மெரினா தண்ணி உறையுற குளிர்ல இருக்கேன்னு ரெண்டு நாள் மாடலை திட்டிக்கிட்டு இருந்தேன், கடைசியில பைசெக்ட் (எந்த கமிட்ல பக் நுழைஞ்சதுன்னு தேடுற கிட் வசதி) போட்டுப் பாத்தா அந்த மெர்ஜ் கமிட்லதான் வந்து நின்னுச்சு. அதனால மெர்ஜுக்கு முன்னாடி ரெண்டு பிராஞ்ச்லயும் ஒரு சின்ன கேஸை ஓட்டி விடைய எடுத்து வச்சுக்கங்க, ஒவ்வொரு படிக்கு அப்புறமும் ஒப்பிடுங்க. கைடுகிட்ட இன்னும் ஒரு வாரம் கேளுங்க, இதைச் சொன்னா குடுப்பாரு.

கேள்வி: மெர்ஜுக்கு அப்புறம் விடை பதினாலாவது இலக்கத்துல மாறுது. தப்பா, விட்டுடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: தப்பாத்தான் இருக்கணும்னு இல்ல. பைத்தான்ல 0.1, 0.2, 0.3 கூட்டுங்க. முதல் ரெண்டை முதல்ல கூட்டினா 0.6000000000000001, கடைசி ரெண்டை முதல்ல கூட்டினா 0.6. கூட்டற வரிசை மாறினாலே இப்படி ஆகும், த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற கணக்கு இழை) எண்ணிக்கை, கம்பைலர் ஆப்ஷன் மாறினாலும் ஆகலாம். ஆனா "ரவுண்டிங்தான் சார்"னு சொல்லியே நிஜ பக்கை மறைச்சவங்களையும் பாத்திருக்கேன். முதல் சில ஸ்டெப்பை மட்டும் ஒப்பிடுங்க, நீரோட்டம் மாதிரி விஷயத்துல துளி வித்தியாசம் போகப் போக பூதமாயிடும், அதனால கடைசி விடைய வச்சு எதுவும் சொல்ல முடியாது. மொத்த நிறை, மொத்த ஆற்றல் கணக்கு உதைக்குதான்னும் பாருங்க.

கேள்வி: ரொம்ப தூரம் பிரிஞ்சு போன ரெண்டு கோட் ஒண்ணா சேர்ந்ததா சரித்திரம் உண்டா?
- கல்லூரி ஆசிரியர், மதுரை

பதில்: பைத்தான்ல எண் கணக்குக்காக நீங்க தினமும் இம்போர்ட் பண்ற நம்பை (NumPy) அப்படி வந்ததுதான். 1995ல வந்த நியூமெரிக் ஒரு பக்கம், ஹப்பிள் தொலைநோக்கி வேலையைப் பாக்குற ஸ்பேஸ் டெலஸ்கோப் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்ல உருவான நம்அரே இன்னொரு பக்கம். நம்அரே பெரிய அரேக்கு (எண் அடுக்குக்கு) வேகம், குட்டி அரேக்கு மந்தம். பைத்தான் விஞ்ஞானிங்க ரெண்டா பிரிஞ்சு கிடந்தாங்க. 2005ல டிராவிஸ் ஆலிஃபன்ட் நியூமெரிக்கை அடித்தளமா வச்சு நம்அரேயோட நல்ல விஷயங்களை அது மேல எழுத ஆரம்பிச்சாரு, 2006ல நம்பை 1.0 வந்துச்சு. கவனிங்க, வரிக்கு வரி மெர்ஜ் பண்ணல, ஒண்ணைத் தேர்ந்தெடுத்து இன்னொண்ணை அதுல திருப்பி எழுதினாரு. பழைய ரெண்டு கூட்டமும் தடுமாறக்கூடாதுன்னு கொஞ்ச வருஷத்துக்கு ரெண்டோட பழைய பேர்களும் வேலை செய்யற மாதிரி தனி மாட்யூலும் வச்சிருந்தாங்க. வருஷக்கணக்கா பிரிஞ்ச கோடுக்கு எனக்குத் தெரிஞ்சு இதுதான் வழி.

கேள்வி: ஜூபிட்டர் நோட்புக்கை (கோடும் விடையும் படமும் ஒரே ஃபைல்ல இருக்குமே, அதை) மெர்ஜ் பண்ணா ஃபைலே திறக்க மாட்டேங்குது!
- வாசகி, சேலம்

பதில்: அது உள்ள ஜேசன் (JSON, கட்டமைப்பு கறாரா இருக்கிற ஒரு டெக்ஸ்ட் வடிவம்), நடுவுல கான்ஃப்ளிக்ட் குறி விழுந்தா செத்துடும். அவுட்புட்டைத் துடைச்சிட்டு கமிட் பண்ணுங்க, நோட்புக்கை ஒப்பிட்டு மெர்ஜ் பண்ற என்பிடைம் (nbdime) கருவியைப் போட்டுக்கங்க. முக்கியமான ஃபங்ஷனை எல்லாம் சாதா பைத்தான் ஃபைலுக்கு மாத்திடுங்க, நோட்புக்ல படம் வரையறது மட்டும் இருக்கட்டும்.