எம்.ஏ. பொது நிர்வாகம் அரசு வேலைக்கு உதவுகிறதா? பாடத்தில் எதை மாற்றலாம்?

அஞ்சல் வழியில் அந்த எம்.ஏ.வை முடித்துவிட்டு, குரூப் 4 எழுதி, ஒரு தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன் நான். என் பதில் அந்த மேஜையிலிருந்து வருகிறது. தலைமைச் செயலகத்தில் இருப்பவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

முதல் கேள்விக்கு: கொஞ்சம்தான் உதவியது. 1887-ல் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரை, நிர்வாகியின் ஏழு வேலைகளை ஒரே சொல்லில் சுருக்கி 1937-ல் லூதர் கூலிக் தொகுத்த ‘போஸ்ட்கார்ப்’, அதிகார வர்க்கத்தைப் பற்றி எழுதிய மேக்ஸ் வெபர் என்று வரிசையாகப் படித்தோம். படிக்க வேண்டியவர்கள்தான். வளரும் நாடுகளின் நிர்வாகத்தை ஆராய்ந்த பிரெட் ரிக்ஸை மட்டும் வேலைக்கு வந்த பிறகு ரசித்தேன். விதி ஒன்று சொல்லும், நடப்பது வேறாக இருக்கும் என்று அவர் எழுதியது, கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்தால்தான் உறைக்கிறது. ஆனால் இரண்டு வருடப் படிப்பில் ஒரு நிஜக் கோப்பை யாரும் கண்ணில் காட்டவில்லை. தபால் பதிவது, தன்பதிவேடு (தன்னிடம் வரும் கோப்புகளை ஒவ்வொருவரும் குறித்து வைக்கும் பதிவேடு), குறிப்பு எழுதுவது, வரைவு போடுவது எல்லாம் பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்குத் தரும் பயிற்சியிலும், பக்கத்து சீட் அண்ணனிடமும் கற்றதுதான்.

என் தவறு ஒன்றைச் சொன்னால் எதை மாற்ற வேண்டும் என்பது விளங்கும். முதியோர் உதவித்தொகை பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஒரு அம்மாவின் மனு வந்தது. ஆதாரில் வயது 57, விதிப்படி 60 ஆகியிருக்க வேண்டும். ‘தகுதியின்மையால் நிராகரிக்கப்படுகிறது’ என்று வரைவு போட்டேன், கையெழுத்தாகி வந்தது. நாலு மாதம் கழித்து அதே மனு. திரும்பவும் அதே வரி. மூன்றாம் முறை அவரே நேரில் வந்து நின்றார். ஒவ்வொரு தடவையும் வாசலில் மனு எழுதுபவருக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

“இல்லைன்னு மட்டும் வந்துச்சு. ஏன்னு யாரும் சொல்லலையே தம்பி.”

வாக்காளர் அட்டையை வாங்கிப் பார்த்தால் வயது 66. ஆதார் எடுத்த அன்று யாரோ குத்துமதிப்பாகப் போட்ட ஆண்டு அது. ‘ஆதாரில் வயது 60-க்குக் குறைவு, வேறு வயதுச் சான்று தந்தால் மீண்டும் பரிசீலிக்கப்படும்’ என்று முதல் தடவையே எழுதியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அவருக்குப் பணம் கிடைத்தது, ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் வீணாகிப்போனது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஐ நாங்கள் பரீட்சைக்குப் படித்தவர்கள்தான். 30 நாளில் பதில், 10 ரூபாய் கட்டணம், முதல் மேல்முறையீடு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்போம். அதே சட்டத்தின் பிரிவு 4(1)(ஈ), முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. அந்த வரிக்குக் கீழே யாரும் கோடு போட்டுத் தரவில்லை.

அதனால் நான் கேட்பது, ஒரு முழுத் தாள் ஆணை எழுதுவதற்கு வேண்டும். பெயர் மறைத்த பழைய கோப்புகளைக் கொடுத்து, ஒரு மனுவை ஏற்றும் மறுத்தும் எழுத வைக்க வேண்டும். அந்த ஆணையை அதிகம் படிப்பில்லாத ஒருவரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடலாம். பாடம் எடுக்க ஓய்வுபெற்ற தாசில்தார், வி.ஏ.ஓ. இவர்களை அழைத்தாலே போதும். பி.எச்டி. இல்லை என்று பல்கலைக்கழகம் முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

இது கணினி வந்த பிறகு இன்னும் அவசரமாகிவிட்டது. முன்பு குமாஸ்தா சோம்பேறித்தனத்தில் காரணம் எழுதாமல் விட்டார். இப்போது திரையில் வரும் நாலு காரணங்களில் ஒன்றைத் தட்ட வேண்டும், பொருந்தாவிட்டால் ‘இதர’. அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் ஒரு மனுதாரரையும் பார்த்திராதவராக இருக்கலாம். அதை எப்படி வடிவமைப்பது என்பதும் இன்று நிர்வாகப் பாடம்தான். ‘மின் ஆளுமையின் நன்மைகள் யாவை’ என்ற பத்து மதிப்பெண் கேள்வியில் அது வராது.

அப்புறம், தோல்விகளையும் பாடமாக்க வேண்டும். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தின்போது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அந்த வெள்ளம் பற்றிய தணிக்கை அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது, யாரும் படிக்கலாம். ஏரியின் மட்டத்தை யார் பார்த்தார், திறக்கச் சொல்லும் அதிகாரம் யாரிடம், ஆற்றங்கரைக்காரருக்குச் செய்தி எந்த வழியில் போக வேண்டும் என்று ஒரு பருவம் முழுக்க விவாதிக்கலாம். பேரிடர் மேலாண்மையின் கட்டங்களை மனப்பாடம் செய்வதைவிட இது பிரயோஜனம்.

ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு முசௌரி இருக்கிறது, மாவட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு வருடப் பயிற்சியும் இருக்கிறது. ஜனங்கள் தினமும் பார்ப்பது எங்களைப் போன்றவர்களைத்தான். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் இந்தப் படிப்பில் சேருவதாக இருந்தால், பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள், அன்று குறைதீர் கூட்டம் இருக்கும். வாசலில் மனு எழுதுபவர் பக்கத்தில் மதியம் வரை உட்காருங்கள். வருகிறவர்களில் எத்தனை பேர் போன தடவை வந்த பதிலையும் கையில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முடிந்தால் அந்தப் பதில்களையும் வாங்கிப் படித்துப் பாருங்கள்.